வெட்டாமல் விட்ட வாது

சின்னமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
தலவாக்கலை.
12.01.2024

மதிப்புக்குரிய கிருஷாந்தி மிஸ் அவர்களுக்கு,

நான் முதலில் கவனித்தது அம்மா படங்கு கட்டும் விதத்தை. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பைத்தான் படங்கு என்போம். அம்மா எப்போதும் அதை இறுக்கிக் கட்டுவார். ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, வயிற்றுக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் விட்டுக் கட்டினார். மாசமாக இருக்கும் பெண்கள்தான் அப்படிக் கட்டுவார்கள். என் அம்மாவுக்கோ கருப்பையே இல்லை. ஒக்டோபரில் எடுத்துவிட்டார்கள்.

என் பெயர் சுலக்ஷனா. வயது பதினேழு. இராசமணியின் மகள். அம்மாவின் கருப்பையில் கட்டிகள் இருந்தன. புற்றுநோய் இல்லை என்றார் டாக்டர். ஆனால் இரண்டு வருடமாக இரத்தம் போய்ப் போய் அம்மா வெளுத்துவிட்டார். ஆப்பரேசனுக்கு முந்தின நாள் வார்டுக்கு ஒரு மிஸ் வந்து, எடுக்கப் போவதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று தமிழில் கேட்டார். அம்மா தலையாட்டினார். அந்த மிஸ் கொடுத்த தாளில் இருந்துதான் உங்கள் விலாசத்தை எடுத்தேன். தொலைபேசி இலக்கமும் அதில் இருக்கிறது. ஆனால் எனக்கு ஆட்களோடு பேச வராது. ஹலோ என்று ஒரு குரல் கேட்டாலே சொல்ல வந்தது உள்ளே போய்விடும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள தரம் பத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இப்போது தோட்டத்து நாற்றுமேடையில் வேலை செய்கிறேன். அங்கே பேச வேண்டியதில்லை.

தேயிலைச் செடி வயதாகி உயர்ந்துவிட்டால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. கத்தி வைப்பதற்கு முன் முதல் செடியடியில் ஒரு கல்லை நட்டு, கவ்வாத்துசாமி என்று அதைக் கும்பிட்டு, தேங்காய் உடைத்து உத்தரவு கேட்பார்கள். அம்மா என்ன சொல்கிறார் தெரியுமா?

"செடிகிட்டயே வெட்டப் போறோம், பொறுத்துக்கன்னு கேக்குறாங்க. என்னைய வெட்டுறப்போ யாரு அதுகிட்ட கேட்டா? நானும் கேக்கல, அவங்களும் கேக்கல. அது எங்கயோ முழிச்சிக்கிட்டுக் கெடக்குதுடி. எனக்குத் தெரியுது."

அதனால்தான் எழுதுகிறேன். அது எங்கே இருக்கிறது? திருப்பித் தருவீர்களா? மண்ணுக்குள் வைத்துவிட்டால் அம்மா தூங்குவார்.

பதிலைத் தோட்டத்து விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம். ஆபீசில் கிடந்து யார் கையிலாவது வரும். தலவாக்கலை டவுனில் தையல் கடை வைத்திருக்கும் ரோகினி அக்காவின் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சுலக்ஷனா


ஆய்வுகூடம், பேராதனை.
29.01.2024

அன்புள்ள தங்கச்சி சுலக்ஷனா,

வார்டுக்கு வந்தது நான்தான். அம்மாவை எனக்கு நல்ல நினைவு. நான் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். எடுத்த கருப்பையை வைத்தியசாலையில் சோதித்துவிட்டு, முறைப்படி எரித்துவிடுவார்கள். அது இனி இல்லை. மன்னித்துக்கொள்ளும். என்னிடம் வந்தது அதன் உட்புறச் சவ்வில் ஒரு சிறு துண்டு மட்டும். அது இருக்கிறது. இருக்கிறது என்றால், உயிரோடு இருக்கிறது.

தரம் பத்துப் புத்தகத்தில் கலம், அதாவது செல், என்று படித்திருப்பீர். உடம்பு முழுக்கக் கலங்கள். ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அதற்குள் இருக்கும் நிறமூர்த்தங்கள் என்ற நூலிழைகளின் நுனி கொஞ்சம் தேயும். ஓரம் அடிக்காத துணி ஒவ்வொரு தோய்ப்புக்கும் நூல் பிரிவது போல. தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்தில் கலம் பிரிவதை நிறுத்திவிடும். அந்த ஓரத்தைத் திரும்பத் தைக்கிற ஒரு பொருள் உண்டு, டெலோமரேஸ் என்று பெயர். பிறந்து வளர்ந்தவர்களின் உடம்பில் பெரும்பாலான இடங்களில் அது உறங்கிவிடும். கருப்பையின் உட்சவ்வு அப்படியில்லை. மாதாமாதம் உதிர்ந்து மாதாமாதம் வளர வேண்டும் அல்லவா? அங்கே அது விழிக்கும், பின் உறங்கும், திரும்ப விழிக்கும்.

எப்படி என்பதுதான் என் ஆராய்ச்சி. டெலோமரேஸ் என்ற அந்தத் தையல்காரியைச் செய்யும் செய்தி ஒரு பரம்பரை அலகில், ஜீன் என்பார்களே, அதில் இருந்து நீளமாக எழுதப்பட்டு வரும். கலம் அதில் சில துண்டுகளை வெட்டி, மீதியை ஒட்டும். ஒரு விதமாக ஒட்டினால் ஊசியோடு வருவாள். இன்னொரு விதமாக ஒட்டினால் ஊசி இல்லாமல் வந்து சும்மா இருப்பாள். எந்த நாளில் எப்படி ஒட்டுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? எனக்குத் தெரியாது. உங்கள் அம்மாவின் கலங்களிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கண்ணாடித் தட்டில், இளஞ்சிவப்புத் திரவத்துக்குள், உடம்புச் சூட்டில் இருக்கும் ஒரு பெட்டியில் அவை இருக்கின்றன. அம்மா வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவேன். அது அவருடைய உரிமை.

அன்புடன்,
கிருஷாந்தி


கீழ்ப்பிரிவு.
10.02.2024

அன்புள்ள அக்கா,

அக்கா என்று எழுதலாமா? நீங்கள் 'நீர்' என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கொஞ்சம் தூரத்தில் நின்றுகொண்டு கையைப் பிடித்த மாதிரி இருந்தது.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு அடுப்படியில் வாசித்துக் காட்டினேன். எரித்துவிட்டார்கள் என்ற இடத்தில் அம்மா விறகை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார். உயிரோடு இருக்கிறது என்ற இடத்தில் கை நின்றது.

"நான் சொன்னேன்ல? முழிச்சிக்கிட்டு இருக்குன்னு?"

அப்புறம் ஒரு விசயம் சொன்னார். இதுவரை என்னிடம் சொல்லாதது. எனக்கு முன்னால் இரண்டு பேர் அம்மா வயிற்றில் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் உயிரில்லாமல் பிறந்தார்கள். எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே, ஓடைப் பக்கம் தேயிலைக்கு நடுவில் வைத்திருக்கிறார்களாம்.

"ரெண்டு பேரும் கண்ணத் தொறக்காமலே போயிட்டாங்க. அவங்க படுத்திருந்த பாயி அது. பிள்ளைங்கள ஒரு எடத்துல போட்டுட்டு, பாய இன்னொரு எடத்துல விட்டா நல்லாவா இருக்கு? பாயக் கொண்டாந்து அவங்க பக்கத்துல வைக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

நானும் அந்தப் பாயில் படுத்திருந்தவள்தான். இந்த லயத்துக் காம்பராவுக்கு முன்னால் என் முதல் வீடு அதுதான். அதில் ஒரு மூலை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று நினைத்தாலே, நாற்றுமேடையில் உட்கார்ந்திருக்கும்போது கை தானாக மெதுவாகிறது. எங்கள் வேலை என்ன தெரியுமா, அக்கா? ஒரு நல்ல தாய்ச்செடியில் இருந்து ஒரு இலையும் கொஞ்சம் தண்டுமாக வெட்டி, மண் பையில் ஊன்றுவது. அது வேர் விட்டு இன்னொரு செடியாகும். தாய்ச்செடி ஒன்றுதான். மலை முழுக்க அதுவே நிற்கும். நிழலுக்குக் கட்டிய வலைக்குக் கீழே வெளிச்சம் பச்சையாக விழுகிறது. மூடுபனி உள்ளே வந்தால் நாற்றுகள் தெரியாது, அவை மூச்சு விடுவது மட்டும் தெரியும் போல இருக்கும்.

நேற்று கனவில் உங்கள் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. சின்ன மழை. இளஞ்சிவப்பு நிறம்.

ஒரு கேள்வி. அம்மாவுக்கு இனி மாதம் வராது. அங்கே தட்டில் இருப்பதற்கு மாதம் தெரியுமா?

சுலக்ஷனா


பேராதனை.
04.03.2024

அன்புள்ள சுலக்ஷனா,

அக்கா என்றே எழுதும்.

தட்டில் இருப்பவைக்கு மாதம் தெரியாது. நான்தான் தெரிய வைக்கிறேன். உடம்பில் சுரக்கிற இரண்டு ஓமோன்களைத் துளித்துளியாக விடுவேன். ஒன்றை விட்டால் டெலோமரேஸ் விழிக்கும், மற்றதை விட்டால் உறங்கும். அம்மாவின் மாதம் இப்போது என் கையில் இருக்கிறது என்று உமது கடிதத்தை வாசித்த பிறகுதான் உணர்ந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு துளியையும் எண்ணிக்கொண்டே விடுகிறேன். இரண்டு பிள்ளைகளைப் பற்றி வாசித்த அன்று நான் வேலை செய்யவில்லை.

இப்போது எழுத வேண்டியது எழுதக் கஷ்டமான விசயம். கலங்கள் களைத்துவிட்டன. தட்டில் வளர்பவை காலம் செல்லச் செல்ல அந்தத் தையலை மறந்துவிடும். கொஞ்சத்தை உறைகுளிரில் உறங்க வைத்திருக்கிறேன், அவையும் முடிந்துவிடும். இதுவரை நான் வளர்த்தவற்றில் உங்கள் அம்மாவின் கலங்கள்தான் மிகத் தெளிவாகப் பதில் சொன்னவை.

ஒரு வழி இருக்கிறது. டெலோமரேசைச் செய்யும் பரம்பரை அலகை வெளியில் இருந்து கொண்டுவந்து அவற்றுக்குள் ஒட்டிவிடலாம். சரியாக ஒட்டினால் ஓரம் தேயாது. அவை நிற்கவே மாட்டா. நாங்கள் எல்லாரும் போன பிறகும் பிரிந்துகொண்டே இருக்கும். பிள்ளை தங்காத பெண்கள், இரத்தம் நிற்காத பெண்கள் எத்தனையோ பேரின் நோயை அவற்றை வைத்துப் படிக்கலாம்.

ஆனால் வார்டில் நான் கேட்ட சம்மதம் இதற்குப் போதாது. அம்மாவிடம் புதிதாகக் கேட்க வேண்டும். கேட்டுச் சொல்வீரா? எனக்கு இதில் ஆசை இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

கிருஷாந்தி


கீழ்ப்பிரிவு.
20.03.2024

அக்கா,

கடிதத்தின் முதல் பாதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். பிறகு மடித்துவிட்டேன்.

அம்மா வேண்டாம் என்பார். எனக்குத் தெரியும். பாய் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நீங்கள் நிறுத்திவிடுவீர்கள்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை இரண்டு வருடம் பார்த்தவள் நான். பள்ளிக்கூடத்தில் இருந்து வரும்போது லயத்து வாசலில் ஆட்கள் கூடி நிற்கிறார்களா என்று தூரத்தில் இருந்தே பார்த்துக்கொண்டு வருவேன். ஒரு நாள் கூடி நிற்கத்தான் போகிறார்கள். அன்றைக்கும் எங்கேயோ ஒரு வெதுவெதுப்பான பெட்டியில் அம்மா இருப்பார் என்றால் நான் எப்படி வேண்டாம் என்று சொல்வேன்?

ஆனால் அது முடியாமல் போய்க்கொண்டே இருந்தால் அம்மா எப்போது தூங்குவார்?

மன்னிப்புக் கேட்ட கையாலேயே இதையும் கேட்கிறீர்களே அக்கா. நான் பதினேழு வயதுப் பிள்ளை. இதை என் கையில் தந்துவிட்டீர்கள். இனிக் கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

சுலக்ஷனா


பேராதனை.
30.04.2024

அன்புள்ள சுலக்ஷனா,

எழுத வேண்டாம் என்றீர். அதனால் நேரில் வந்தேன். அதுவும் பிழையோ தெரியாது.

ஞாயிறு மத்தியானம் உங்கள் லயத்துக்கு இறங்கும்போது மூடுபனி. விறகுக் கொட்டிலின் பலகைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. பச்சை ரப்பர் செருப்பு. கூப்பிடவில்லை. உமக்கு ஆட்களோடு பேச வராது என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர் அல்லவா?

அம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுவிட்டார்.

"அடடே, ஆஸ்பத்திரி மிஸ்ஸு! வாங்க, வாங்க. சாப்பிட்டீங்களா?"

"ஓம் அம்மா, சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்."

"யாழ்ப்பாணத்து ஆளுங்க இப்புடித்தான். சாப்பிட்டனான், சாப்பிட்டனான்னுட்டுக் காஞ்சு போயி நிப்பாங்க. ரொட்டி சுட்டு வச்சிருக்கேன். கட்டச்சம்பல் ஒறைக்கும், அழக் கூடாது."

அழுதேன். சம்பலால்தான். அம்மா சிரித்த சிரிப்பு கொட்டில் வரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு கேட்டேன்: "அம்மா, மகள் உங்களிட்ட ஒண்டும் சொல்லேல்லையோ?"

"எதைச் சொல்லணும்?" அம்மா கொட்டில் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "அவ நல்லா வாசிப்பா. எந்த எடத்துல நிறுத்துறாளோ அங்கதான் விசயம் இருக்கும்."

நான் சொன்னேன். எல்லாவற்றையும். நிற்கவே மாட்டாத கலங்களைப் பற்றியும்.

"எது சாகாது?"

"உங்கட கலங்கள்."

"நான் செத்த பொறவுமா?"

"ஓம் அம்மா."

"பாத்தீங்களா கூத்த! நான் ஒரு நம்பர் துண்டு வாங்க ஆஸ்பத்திரி வாசல்ல விடியக்காலையில இருந்து நின்னேன். என் வயித்துச் சதை மட்டும் மகாராணி மாதிரி சூட்டுப் பெட்டிக்குள்ள இருந்துக்கிட்டு, சாகவும் மாட்டேங்குதாக்கும்." சிரித்துவிட்டு, என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார். "அதால வேற பொம்பளைங்களுக்கு நல்லதா?"

"நல்லதா இருக்கலாம். எனக்கு நிச்சயமாத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றீங்க பாருங்க, அது போதும். யோசிச்சு மககிட்ட சொல்லி அனுப்புறேன். அவ இப்ப வெறகு அடுக்கிக்கிட்டு இருக்கா."

நான் மேலே ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நீர் வெளியில் நின்றிருப்பீர் என்று ஒரு நினைப்பு.

என்ன பதில் என்றாலும் எழுதும். அதன்படியே செய்வேன்.

கிருஷாந்தி


கீழ்ப்பிரிவு.
09.05.2024

அன்புள்ள அக்கா,

வெளியில்தான் நின்றேன். உங்கள் குடை வளைவில் மறைந்த பிறகு.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

நீங்கள் போனதும் அம்மா திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை. சில நாட்களுக்கு அதைப் பற்றிப் பேசவே இல்லை. போன வாரம் எங்களுக்கு மேல் மலையில் கவ்வாத்து நடந்தது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் வெட்டின மலையில் நிற்க வைத்தார். பார்த்திருப்பீர்களோ தெரியாது, வெட்டின மலை எலும்பு மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு செடியிலும் ஒரே ஒரு வாது மட்டும் இலையோடு நிற்கும். வாது என்றால் கிளை. அந்த ஒன்றை வெட்டாமல் விடுவார்கள். கீழே புதுத் தளிர் வரும்வரை செடி அதால்தான் மூச்சு விடும். தளிர் வந்ததும் அதையும் எடுத்துவிடுவார்கள். அப்பாவும் கவ்வாத்துக்காரர்தான். கொழும்புக்கு வேலைக்குப் போகும்வரை அதைத்தான் செய்தார்.

அம்மா ஒரு வாதைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இத எடுக்காமலே விட்டா என்னாகும்?"

"மரமாப் போகும்."

"அப்புறம்?"

"கீழ தளிர் வராது."

"தெரியுதுல்ல? அப்புறம் ஏன் காயிதத்துல பாதிய மடிச்சு வச்ச?"

"அம்மா, அது தேயில. இது நீங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. நீங்க செத்துப் போனா எனக்கு யாரு இருக்கா, அது ஒண்ணாவது இருக்கட்டுமே என்று கத்தினேன். நான் கத்தி அம்மா கேட்டதே இல்லை. மேல் ரோட்டில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா திரும்பிப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் முகத்தைத் தன் தலைத்துண்டால் துடைத்தார்.

"நீதான் அங்கருந்து எப்பவோ வெளிய வந்துட்டியேடி. ஒனக்கு முன்னால ரெண்டு பேரு வரமாட்டேன்னாங்க. நீ ஒருத்தி வந்த. வந்தவ இன்னும் எதுக்கு வாசல்லயே நிக்கிற?"

அம்மாவின் பின்னால் லயத்துக்கு இறங்கினேன்.

அம்மாவின் முடிவு இது. அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "புதுசா ஒண்ணும் ஒட்ட வேணாம். இப்பவே நிறுத்தவும் வேணாம். அது தானா நிக்கிற வரைக்கும் மிஸ்ஸு பாத்துக்கட்டும், படிக்கிறதப் படிச்சுக்கட்டும். நின்ன பொறவு இருக்கிறத எனக்குக் குடுக்கணும். நான் என் பிள்ளைங்க பக்கத்துல வச்சுக்கிறேன்."

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, அக்கா. ஆனால் அது என்னுடையது இல்லை.

உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும்.

சுலக்ஷனா


பேராதனை.
17.07.2024

அன்புள்ள சுலக்ஷனா,

ஏமாற்றம்தான். பொய் சொல்லவில்லை. எனது பேராசிரியர் ஒரு கிழமை, ஏழு நாளும், என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு பெண்ணிடம் கேட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டும். என் பட்டம் ஒரு வருடம் பிந்தும். ஆனாலும் அம்மா தந்த காலத்தை நான் வீணாக்கவில்லை. உறைகுளிரில் இருந்த கடைசிக் குப்பியையும் எழுப்பி வளர்த்தேன். ஒவ்வொரு கிழமையும் அவற்றின் செய்திகளை எடுத்துப் பார்த்தேன். ஊசியோடு வருகிற ஒட்டு குறைந்துகொண்டே போனது. சும்மா இருக்கிற ஒட்டு கூடிக்கொண்டே வந்தது. கடைசியில் எந்தத் துளியை விட்டாலும் ஒன்றும் விழிக்கவில்லை. செயற்கையாக ஓட விட்டிருந்தால் இந்த மெதுவான உறங்குதலை நான் பார்த்திருக்கவே மாட்டேன். யார் தீர்மானிக்கிறார்கள் என்று இன்னும் தெரியாது. எப்படித் தூங்குகின்றன என்று கொஞ்சம் தெரியும்.

கலங்கள் நின்றுவிட்டன. செத்துப்போகவில்லை. தட்டில் பெரிதாக, தட்டையாக, கை காலைப் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டன. இனிப் பிரியமாட்டா.

உயிருள்ளதை வெளியே கொடுக்க அனுமதி இல்லை. அதனால் அவற்றை மருந்தில் நிலைப்படுத்தி, ஒரு சிறு கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஊதாச் சாயம் ஏற்றிக் கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் கேட்டு ஒப்புதல் வாங்கினேன். மருந்து ஊற்றினால் முடிந்துவிடும். ஊற்றுவதற்கு முன் ஆய்வுகூடக் கதவைச் சாத்தினேன். தேங்காய் உடைக்க இங்கே விடமாட்டார்கள். "நிறுத்தப் போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பிறகுதான் ஊற்றினேன்.

தகடு தயார். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நகத்தின் அளவில் ஊதாப் பனி படர்ந்த மாதிரித் தெரியும். தபாலில் அனுப்ப முடியாது. அம்மாவோ அம்மாவின் பிள்ளையோ நேரில் வந்து கையெழுத்திட்டு வாங்க வேண்டும். அவசரமில்லை. வெயில் படாத ஒரு இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

வாசலில் காவலாளியிடம் என் பெயரைச் சொன்னால் போதும். சொல்லத்தான் வேண்டும்.

கிருஷாந்தி


தலவாக்கலை ரயில் நிலையம்.
02.08.2024

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. கையில் தருவேன். உங்களைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வராமல் போனால் இதை நீட்டிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை முழுதாக வாசித்துக் காட்டினேன், கடைசி வரி வரைக்கும். கலங்கள் கை காலைப் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டன என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார் அம்மா. "நல்லா ஒழைச்சிருக்கு, பாவம்" என்றார். அன்றைக்குச் சாயந்தரமே ஓடைப் பக்கம் போய் ஒரு இடத்தைப் பார்த்து, புல்லை எடுத்து, சின்னதாகக் குழி வெட்டி வைத்துவிட்டார். குழிக்குள் மழைத் தண்ணீர் விழக் கூடாது என்று மேலே ஒரு தகரத் துண்டு. அந்த இரண்டு பேர் இருக்கும் இடத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். அங்கே அடையாளம் ஒன்றும் இல்லை. தேயிலைதான். நானும் பல நாள் அந்த வழியாகத் தண்ணீருக்குப் போயிருக்கிறேன்.

"நீங்களே போயிட்டு வாங்கம்மா" என்றேன்.

"அன்னைக்குச் சம்பளத்துக்குத் தோட்டத்துல பேரு போட்டா போறேன். ரயிலு ஏறுனா வாந்தி வரும். பேராதனைய நாறடிச்சுட்டு வரவா?" என்றார். பிறகு, "குழி தொறந்தே கெடக்கக் கூடாது, புள்ள" என்றார்.

ரோகினி அக்கா தானும் கூட வருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இப்போது இந்த வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது வரச் சொல்லியிருக்கலாம் என்று இருக்கிறது.

நான் தனியாக ஹட்டனுக்குக் கூடப் போனதில்லை. தண்டவாளத்துக்கு அப்பால் மூடுபனி இறங்கி, ரயில் வரும் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. பெட்டி திறந்ததும் மழை பெய்த அந்தக் கனவு மாதிரியே இருக்கிறது, நிறம் மட்டும் வேறு. இன்னும் அந்தத் தட்டு வெதுவெதுப்பாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பிவிடுவேன். அதை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

டிக்கெட் கொடுக்கும் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். எழுந்து போகிறேன்.

டிக்கெட்டோடு திரும்பி வந்து எழுதுகிறேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் சிங்களத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். என் முறை வந்தது. பேராதனைக்கு ஒன்று என்றேன். உள்ளே இருந்தவருக்குக் கேட்கவில்லை, கையைக் காதில் வைத்தார். பின்னால் நின்றவர்கள் நெருங்கினார்கள். கம்பிக்கு அருகே குனிந்து, இன்னொரு தடவை சொன்னேன்.